இரண்டு முறை ஆளுநர் நாற்காலியை விட்டவர்: சாம் ஹூஸ்டன்

#1 திண்ணைவாசி

1861 மார்ச் 16, டெக்சாஸின் ஆஸ்டின் நகரம். சட்டமன்றக் கட்டடத்தின் மேல்மாடியில் மாநாடு கூடியிருக்கிறது. டெக்சாஸ் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்து, தென்மாநிலக் கூட்டமைப்பில் சேர்ந்தாகிவிட்டது. பதவியில் இருப்பவர்கள் எல்லாரும் புதிய அரசுக்கு உறுதிமொழி எடுக்க வேண்டும். ஆளுநரின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. ஆளுநர் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, பேனாக்கத்தியால் ஒரு கட்டையைச் சீவிக்கொண்டிருக்கிறார். வயது 68. படியேறிப் போகவில்லை. பதவி காலி என்று அறிவித்துவிட்டு, துணை ஆளுநர் எட்வர்ட் கிளார்க்கை அந்த இடத்தில் அமர்த்தினார்கள்.

சாம் ஹூஸ்டனுக்கு இது முதல் முறை அல்ல. 1829 ஏப்ரலிலும் இப்படி ஒரு நாற்காலியை விட்டார். அது டென்னசி மாநிலத்து ஆளுநர் நாற்காலி. மக்கள் வாக்கால் இரண்டு மாநிலங்களுக்கு ஆளுநரானவர் அமெரிக்க வரலாற்றிலேயே இவர் ஒருவர்தான். அந்த இரண்டிலும் காலம் முடியும்வரை உட்கார்ந்திருக்கவில்லை.

இவரை எல்லாரும் மெக்சிகோ படையைத் தோற்கடித்த சான் ஹசின்டோ வெற்றிக்காகத்தான் கொண்டாடுகிறார்கள். என் கட்சி வேறு. இந்த மனிதரின் பெரிய முடிவுகள் எல்லாம் பின்வாங்கியபோது எடுத்தவை. முன்னே பாய்ந்த இடங்களில் காயம்தான் மிஞ்சியது. மறுப்பவர்கள் வரலாம்.

#2 மழைக்காலம்

ஹூஸ்டன் என்றால் நிலாவில் இறங்கியவர்கள் பேசிய ஊர் என்றுதான் எனக்குத் தெரியும். அது ஓர் ஆளின் பெயர் என்று இன்றுதான் அறிகிறேன். கொஞ்சம் முதலிலிருந்து சொல்லுங்கள் ஐயா. எடுத்த எடுப்பில் எங்களைக் கீழ்த்தளத்தில் இறக்கிவிட்டால் எப்படி?

#3 திண்ணைவாசி

சரி, தப்பு என்னுடையது.

1793 மார்ச் 2 அன்று வர்ஜீனியாவில் பிறந்தார். தகப்பனார் இறந்தபின் தாயார் ஒன்பது பிள்ளைகளோடு மலை தாண்டி டென்னசியின் மேரிவில் பக்கம் குடிவந்தார். சாமுக்குப் பண்ணை வேலை பிடிக்கவில்லை. அண்ணன்மார் ஒரு கடையில் எழுத்தராக நிறுத்தினார்கள், அதுவும் பிடிக்கவில்லை. பதினாறு வயதில் ஓடிப்போய், ஹைவாசித் தீவில் இருந்த செரோக்கிகளிடம் சேர்ந்துவிட்டார். ஊலூடெகா என்ற தலைவர் அவரைப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டு கொலன்னே என்று பெயர் வைத்தார். நம் மொழியில் அண்டங்காக்கை. மூன்று ஆண்டுகள் அங்கேதான், மொழியும் ஆடையும் அவர்களுடையவை.

இடையிடையே ஊருக்கு வந்து, தீவில் இருந்தவர்களுக்குப் பரிசுப் பொருள்களைக் கடனில் வாங்கிக்கொண்டு போனார். கடன் ஏறிவிட்டது. அதை அடைக்க 1812இல் மரக்கட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியார் வேலை. ஒரு பிள்ளைக்கு எட்டு டாலர் சம்பளம். மூன்றில் ஒரு பங்கு சோளம், ஒரு பங்கு ரொக்கம், ஒரு பங்கு பருத்தித் துணி. பிற்காலத்தில் குடியரசுத் தலைவர், செனட் உறுப்பினர், ஆளுநர் என்று எல்லாப் பதவியையும் பார்த்துவிட்ட பிறகும், அந்தப் பள்ளியில் பிரம்பைப் பிடித்து நின்றபோது இருந்த பெருமிதம் வேறெதிலும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்தது பட்டாளம். 1814 மார்ச் 27, அலபாமாவின் ஹார்ஸ்ஷூ பெண்ட். ஆண்ட்ரூ ஜாக்சன் தலைமையில் கிரீக் இனத்தின் 'சிவப்புக் கோல்' பிரிவினரோடு போர். ஹூஸ்டன் மரக்கட்டை அரணைத் தாண்டிக் குதித்தபோது தொடையின் மேற்பகுதியில் அம்பு தைத்தது. முள் வைத்த அம்பு. பக்கத்தில் இருந்த அதிகாரியைப் பிடுங்கச் சொன்னார். அவர் இரண்டு முறை இழுத்தும் வரவில்லை. மூன்றாவது முறை, பிடுங்காவிட்டால் வெட்டிவிடுவேன் என்று வாளை ஓங்கினார். அம்பு சதையோடு வந்தது. ஜாக்சன் அவரைப் படுத்திருக்கச் சொல்லி உத்தரவிட்டார். மாலையில் கடைசி அரணைத் தாக்க ஆள் தேவைப்பட்டபோது எழுந்து ஓடினார். இரண்டு துப்பாக்கிக் குண்டுகள் வலத் தோளிலும் கையிலும் பாய்ந்தன. மருத்துவர் ஒன்றை எடுத்தார், மற்றதை எடுக்கவில்லை. விடியும் முன் சாகப்போகிறவனை எதற்கு வதைக்க வேண்டும் என்று விட்டுவிட்டார்.

விடிந்தது, ஆள் சாகவில்லை. ஆனால் அந்தக் காயம் ஆறவும் இல்லை. 1863இல் கண்ணை மூடும்வரை நீர் கசிந்துகொண்டே இருந்தது. அரை நூற்றாண்டு ஆறாத புண்ணோடுதான் இவ்வளவும் செய்தார்.

#4 எதிர்வரிசை

நன்றாகக் கதை சொல்கிறீர்கள். விட்ட பகுதியை நான் சொல்கிறேன்.

ஹார்ஸ்ஷூ பெண்டில் செத்த சிவப்புக் கோல் வீரர்கள் எண்ணூறுக்கும் மேல். அங்கே ஜாக்சன் பக்கம் நின்றவர்களில் செரோக்கிகளும் உண்டு. அவர்கள் செய்த உதவிக்குக் கைம்மாறு என்ன? ஜாக்சன் குடியரசுத் தலைவரானதும் அவர்களையே ஊரைவிட்டுக் கிளப்பும் சட்டம். அதற்கும் முன்பே, 1817இல் அரசின் துணை முகவராகப் போய், வளர்த்த தகப்பன் ஊலூடெகாவையே ஆர்கன்சாவுக்குக் குடிபெயரச் சம்மதிக்க வைத்தவர் யார்? உங்கள் அண்டங்காக்கைதான்.

#5 பழுப்புத்தாள்

எதிர்வரிசை சொல்வது உண்மை. அதன் மறுபாதியும் உண்மை. அந்தச் செரோக்கிக் குழு வாஷிங்டன் வந்தபோது ஹூஸ்டன் அவர்களைப்போலவே உடுத்திக்கொண்டு போர்த்துறைச் செயலர் ஜான் கால்ஹூன் முன் நின்றார். கால்ஹூன் கடிந்துகொண்டார். ஹூஸ்டன் வேலையை விட்டார். அவரது பகைப் பட்டியலில் கால்ஹூன் பெயர் கடைசிவரை இருந்தது.

வழக்காடி ஓய்வுபெற்றவன் என்பதால் எனக்குப் பிடித்த பகுதி வேறு. முதலில் 1829. ஜனவரி 22 அன்று எலைசா ஆலனோடு திருமணம். அவருக்கு 35 வயது, பெண்ணுக்கு இருபதுக்குள். பதினோரு வாரத்தில் அந்தப் பெண் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். ஏப்ரல் 16 அன்று ஆளுநர் பதவி விலகல் கடிதம். நாஷ்வில் நகரமே வம்பு பேசியது. ஹூஸ்டன் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. எலைசா பின்னர் மறுமணம் செய்துகொண்டார், அவரும் சொல்லவில்லை. இருவரும் மண்ணுக்குள் கொண்டுபோன காரணத்தை இருநூறு ஆண்டு கழித்து நாம் திண்ணையில் தோண்ட வேண்டாம். யாரும் யூகத்தோடு வர வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

அதன்பின் மேற்கே போய் மறுபடியும் செரோக்கிகளிடம்தான் அடைக்கலம். கிப்சன் கோட்டைக்குப் பக்கத்தில் கடை வைத்தார், செரோக்கிக் குடியுரிமை பெற்றார், டயானா ராஜர்ஸ் என்ற செரோக்கிப் பெண்ணோடு வாழ்ந்தார். குடியும் கட்டுமீறியது. அண்டங்காக்கை என்று பெயர் வைத்தவர்களே பெருங்குடிகாரன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எழுப்பிவிட்டது ஒரு வழக்கு. 1832இல் ஒஹாயோ உறுப்பினர் வில்லியம் ஸ்டான்பெரி, செவ்விந்தியர்களுக்கான உணவுப்பொருள் ஒப்பந்தத்தில் ஹூஸ்டனை மோசடியோடு இணைத்துச் சபையில் பேசினார். ஏப்ரல் 13 இரவு பென்சில்வேனியா அவென்யூவில் ஹூஸ்டன் அவரைக் கண்டார். கையில் ஹிக்கரி மரத்துக் கைத்தடி. அடி விழுந்தது. ஸ்டான்பெரி கைத்துப்பாக்கியை எடுத்து ஹூஸ்டனின் நெஞ்சில் வைத்துச் சுட்டார். மருந்து பற்றவில்லை. பற்றியிருந்தால் இந்த இழையே இல்லை.

பிரதிநிதிகள் சபையே நீதிமன்றமாக உட்கார்ந்தது. ஹூஸ்டனின் வழக்கறிஞர், அமெரிக்க தேசிய கீதத்தை எழுதிய பிரான்சிஸ் ஸ்காட் கீ. முடிவு: குற்றவாளி, அவைத்தலைவர் கண்டிக்க வேண்டும். தனியாக நடந்த வழக்கில் 500 டாலர் அபராதம், அதையும் ஜாக்சன் மன்னித்துவிட்டார். தோற்ற கட்சிக்காரர் ஊர் முழுக்கப் பேரோடு வெளியே வந்ததை நானும் என் தொழிலில் பார்த்திருக்கிறேன். அணைந்துகொண்டிருந்த தனக்கு அந்த விசாரணைதான் மேடை போட்டுக் கொடுத்தது என்று ஹூஸ்டனே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் செவ்வாற்றைக் கடந்து டெக்சாஸில் கால்வைத்தார்.

#6 எதிர்வரிசை

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாதவர் என்று சொல்லுங்கள்.

#7 நீர்த்தடம்

அவர் பெயர் தாங்கிய இந்த ஹூஸ்டன் நகரத்தில் எட்டு ஆண்டாக இருக்கிறேன். சான் ஹசின்டோ போர்க்களத்துக்கு மூன்று முறை போயிருக்கிறேன். நினைவுத்தூண் 567 அடி, வாஷிங்டன் தூணைவிட உயரம். சுற்றிலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகள், கப்பல் கால்வாய். புல்வெளியில் நின்றால் ஒன்று புரியும். நடுவில் நிலம் லேசாக மேடிட்டிருக்கிறது. எதிரே வருபவனை அந்த மேடு மறைத்துவிடும். பெரிய மேடு ஒன்றும் இல்லை, நம் ஊர் ஏரிக்கரை அளவுகூட வராது. ஆனால் அது போதுமாக இருந்தது.

டெக்சாஸ் அப்போது மெக்சிகோவின் பகுதி. அங்கே குடியேறியவர்கள் விடுதலை கேட்டுப் போரிட்டார்கள், அவர்கள் படைக்கு ஹூஸ்டன் தளபதி. 1836 ஏப்ரல் 21, பிற்பகல். மெக்சிகோவின் தலைவர் சாண்டா அன்னாவே நடத்திவந்த படை சுமார் 1,300 பேர். காலையில்தான் மைத்துனர் கோஸ் ஐந்நூறு பேரோடு வந்து சேர்ந்திருந்தார், வந்தவர்கள் இரவெல்லாம் நடந்து களைத்தவர்கள். பகல் தூக்கம். காவல் சரியில்லை. ஹூஸ்டனிடம் 900 பேர், சின்சினாட்டி நகரத்தார் அனுப்பிய இரட்டைச் சகோதரிகள் என்ற இரண்டு பீரங்கிகள். மேட்டின் மறைவில் வந்து பாய்ந்தார்கள். போர் பதினெட்டு நிமிடம்.

ஹூஸ்டனின் அறிக்கைப்படி மெக்சிகோ பக்கம் 630 பேர் சாவு, 730 பேர் சிறை. டெக்சாஸ் பக்கம் ஒன்பது பேர். ஹூஸ்டன் ஏறியிருந்த குதிரை சுடப்பட்டு விழுந்தது, அவருக்குக் கணுக்காலில் குண்டு.

எனக்குத் தொண்டையில் நிற்பது அந்தப் பதினெட்டு நிமிடத்துக்குப் பிறகு நடந்தது. முந்திய மாதம் தம் ஆள்கள் கொல்லப்பட்ட அலமோவையும் கோலியாடையும் சொல்லிக் கத்திக்கொண்டே, சதுப்பு நீரில் இறங்கிச் சரணடைய வந்தவர்களையும் கொன்றார்கள். சாவு எண்ணிக்கையில் பெரும்பகுதி அப்போது வந்தது. ஹூஸ்டனும் மற்ற அதிகாரிகளும் கத்தியும் நிறுத்த முடியவில்லை. ஹுவான் செகீனின் ஆள்கள் மெக்சிகோ வம்சத்தவர்கள், டெக்சாஸ் பக்கம் நின்றவர்கள். தம் பக்கத்துக் குண்டுக்கே பலியாகாமல் இருக்கத் தொப்பியில் அட்டைத்துண்டைச் செருகிக்கொண்டு போரிட்டார்கள். அந்த அட்டைத்துண்டு என் மனதைவிட்டுப் போவதில்லை.

#8 எதிர்வரிசை

நீர்த்தடம், நேரில் பார்த்து எழுதியதற்கு நன்றி. இப்போது திண்ணைவாசி ஐயாவின் பின்வாங்கல் தத்துவத்துக்கு வருகிறேன்.

அலமோ மார்ச் 6 அன்று விழுந்தது. ஹூஸ்டன் கொன்சாலஸில் படையை எடுத்துக்கொண்டு, ஊரைக் கொளுத்திவிட்டுக் கிழக்கே நடந்தார். கொலராடோ ஆறு, பிராசோஸ் ஆறு. நாற்பது நாள். மழை, சேறு. பின்னால் குடியேறிகளின் குடும்பங்கள் கட்டை வண்டிகளில் பிள்ளைகுட்டியோடு ஓடின. இடைக்காலத் தலைவர் டேவிட் பர்னெட் கடிதம் எழுதிக் காறித் துப்பினார். கேப்டன் மோஸ்லி பேக்கர் இனிப் பின்வாங்க மாட்டேன் என்று சான் பெலிப்பேயில் நின்றுவிட்டார். இதெல்லாம் திட்டம் என்றால், திட்டத்தை ஏன் ஒரு மனிதரிடமும் சொல்லவில்லை?

ஒரு கதை உண்டு, அங்கே படையில் இருந்த ஒருவர் எழுதிவைத்தது. பீரங்கியை இழுக்க பமீலா மான் என்ற பெண்மணியிடம் மாடு வாங்கினார்கள். அந்தம்மாள் போட்ட நிபந்தனை, படை நாகடோசஸ் பக்கம் போவதானால் மாடு தருகிறேன் என்பது. பாதை பிரியும் இடத்தில் படை ஹாரிஸ்பர்க் பக்கம் திரும்பிவிட்டது. அந்தம்மாள் குதிரையில் வந்து, பொய் சொல்லிவிட்டீர்கள், என் மாட்டைக் கொடுங்கள் என்றார். மாடு இல்லாமல் பீரங்கியை நகர்த்த முடியாது என்றார் ஹூஸ்டன். அதெல்லாம் எனக்குத் தெரியாது என்று கத்தியால் தோல்வாரை அறுத்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மீட்கப் போன வண்டித்தலைவர் சட்டை கிழிந்து வெறுங்கையோடு திரும்பினார்.

நாகடோசஸ் என்றால் கிழக்கு, அமெரிக்க எல்லைப் பக்கம். தளபதி அங்கேதான் போகிறார் என்று ஊரே நம்பியது. சண்டைக்குத் திரும்பியது படைவீரர்களின் கால்கள், தளபதியின் மூளை அல்ல. அண்டங்காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது.

#9 மழைக்காலம்

அந்த அம்மாளைப் பற்றித் தனி இழை வேண்டும்!

#10 திண்ணைவாசி

பனம்பழம் நல்ல அடி. சிரித்துவிட்டேன்.

பாதை பிரிந்த இடத்தில் அவர் வாய்விட்டு உத்தரவு கொடுத்தாரா என்பதில் அன்றைக்கு அங்கே இருந்தவர்களே இரண்டு கட்சி. அதில் நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதற்கு முந்திய இரண்டு வாரத்தைப் பாருங்கள். மார்ச் கடைசியிலிருந்து பிராசோஸ் கரையில் குரோஸ் என்பவரின் பண்ணை அருகே முகாம். கூட்டமாக வந்தவர்களை வரிசையில் நிற்கப் பழக்கியது அங்கேதான். பீரங்கிகள் வந்து சேர்ந்ததும் அங்கேதான். யெல்லோஸ்டோன் என்ற நீராவிப் படகைப் பிடித்துவைத்து, பெருகிய ஆற்றில் படையை அக்கரை சேர்த்ததும் அங்கேதான். ஓடுகிறவன் இரண்டு வாரம் நின்று பயிற்சி கொடுக்க மாட்டான்.

இன்னொன்று. ஏப்ரல் 18 அன்று, செவிடர் ஸ்மித் என்று பெயர் வாங்கிய ஒற்றர் ஒரு மெக்சிகோ தூதனைப் பிடித்தார். தூதனிடம் இருந்த தோல்பையில் அலமோவில் செத்த டிராவிஸின் பெயர் இருந்தது. உள்ளே இருந்த கடிதங்களைப் படித்தபோதுதான், சாண்டா அன்னாவே பெரும்படையைப் பின்னால் விட்டுவிட்டுச் சிறு பிரிவோடு முன்னே வந்துவிட்டார் என்பது தெரிந்தது. பர்னெட்டின் அரசாங்கத்தைப் பிடிக்கும் ஆசை அவரைத் தனியே இழுத்துவந்தது. ஹூஸ்டன் நாற்பது நாள் பின்வாங்கியிருக்காவிட்டால் அந்த இடைவெளி விழுந்திருக்குமா? மார்ச்சில் கொலராடோ கரையில் ஜெயித்திருந்தாலும் அவர் தோற்கடித்திருப்பது ஒரு பிரிவைத்தான், சாண்டா அன்னாவை அல்ல.

பனம்பழம் விழுந்தது உண்மை. ஆனால் மரத்தடியில் நாற்பது நாள் காத்திருந்த காக்கை அது.

மறுநாள் புல்லில் ஒளிந்திருந்த ஒருவனைச் சாதாரணச் சிப்பாய் உடையில் பிடித்துவந்தார்கள். சிறைப்பட்டவர்கள் 'எல் பிரசிடெண்டே' (தலைவர்) என்று எழுந்து நின்று காட்டிக்கொடுத்துவிட்டார்கள். மரத்தில் தொங்கவிட வேண்டும் என்று வீரர்கள் குதித்தார்கள். கணுக்கால் சிதைந்து மரத்தடியில் படுத்திருந்த ஹூஸ்டன் ஒப்பவில்லை. செத்த சாண்டா அன்னாவால் பயனில்லை. உயிரோடு இருந்தவர், மீதிப் படையைத் திருப்பி அழைத்துப்போகும்படி தன் துணைத் தளபதி பிலிசோலாவுக்குக் கட்டளை எழுதினார். படை போனது.

#11 ஓலைப்பெட்டி

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆண்கள் எல்லாரும் போர்க்களத்திலேயே நிற்கிறீர்கள். அங்கிருந்து கொஞ்சம் நகருவோமா?

1836 செப்டம்பர் தேர்தலில் ஹூஸ்டனுக்கு 5,119 வாக்கு. டெக்சாஸில் குடியேற்றத்தைத் தொடங்கிவைத்த ஸ்டீவன் ஆஸ்டினுக்கு 587. தனி நாடான டெக்சாஸ் குடியரசின் தலைவராக வந்தார். அந்தக் குடியரசின் அரசமைப்பு என்ன சொன்னது? அடிமைகளை விடுவிக்கும் சட்டத்தை அவை இயற்றக் கூடாது. விடுதலை பெற்ற கறுப்பர் அவையின் அனுமதி இல்லாமல் அங்கே குடியிருக்கவும் கூடாது. எந்த மெக்சிகோவிடமிருந்து விடுதலை பெற்றார்களோ, அந்த மெக்சிகோ 1829இலேயே அடிமைமுறையை ஒழித்து ஆணையிட்டது. டெக்சாஸ் குடியேறிகள் கெஞ்சி விலக்கு வாங்கினார்கள். யாருடைய விடுதலை இது என்று கேட்காமல் சான் ஹசின்டோவைப் பேசக் கூடாது.

செரோக்கிகள் கதையும் முடியவில்லை. 1836 பிப்ரவரியில், போருக்குச் சற்று முன், கிழக்கு டெக்சாஸில் இருந்த செரோக்கித் தலைவர் டுவாலியோடு ஹூஸ்டன் ஒப்பந்தம் போட்டார். நிலம் உங்களுடையது, போரில் ஒதுங்கியிருங்கள் என்பது சாரம். அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். 1837 டிசம்பரில் டெக்சாஸ் செனட் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று தள்ளிவிட்டது. அடுத்த தலைவர் லமார் 1839 ஜூலையில் படை அனுப்பினார். நெச்சஸ் ஆற்றருகே டுவாலி சுடப்பட்டார். எண்பது தாண்டிய கிழவர். இடுப்பில் இருந்த வாள் ஹூஸ்டன் பரிசாகக் கொடுத்தது. ஹூஸ்டன் நாகடோசஸில் மேடையேறி, டுவாலி தன்னைக் கொன்றவர்களைவிட மேலானவர் என்ற தொனியில் பேசி ஊராரின் கோபத்தை வாங்கிக்கொண்டார். பேசினார், ஒப்புக்கொள்கிறேன். வாளும் வார்த்தையும் கொடுத்தார், நிலத்தைக் காப்பாற்றிக் கொடுக்கவில்லை.

#12 பழுப்புத்தாள்

அம்மா, மறுக்க ஒன்றும் இல்லை. ஒரு சேர்க்கை மட்டும். டெக்சாஸ் அமெரிக்க ஒன்றியத்தில் சேர்ந்தபின் ஹூஸ்டன் அமெரிக்க செனட்டில் உட்கார்ந்தார். 1854இல் கான்சாஸ்–நெப்ராஸ்கா மசோதா வந்தபோது தென்மாநில செனட் உறுப்பினர்களில் எதிர்த்து வாக்களித்தவர்கள் இரண்டே பேர். டென்னசியின் ஜான் பெல், டெக்சாஸின் ஹூஸ்டன். அடிமைமுறை பரவுவதற்கு வழி திறந்தால் ஒன்றியம் உடையும் என்றார். அதே விவாதத்தில் செவ்விந்தியர்களுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறீர்கள் என்றும் பேசினார். கேட்க ஆள் இல்லை. 1857இல் ஆளுநர் தேர்தலில் ஹார்டின் ரன்னல்ஸிடம் தோற்றார். இரண்டு ஆண்டில் அதே ரன்னல்ஸைத் தோற்கடித்தார்.

செனட்டில் சிறுத்தைத்தோல் மேலங்கி போட்டுக்கொண்டு, மற்றவர்கள் பேசும்போது மரம் சீவிக்கொண்டிருப்பார். ஆகவே ஆஸ்டின் கீழ்த்தளத்தில் அந்தக் கத்தி புதிதாக முளைத்தது அல்ல.

#13 எதிர்வரிசை

ஒன்றியத்துக்காகப் பதவியை விட்டார், சரி. வீட்டில் அடிமைகளை வைத்துக்கொண்டுதானே விட்டார்? 1863இல் அவர் இறந்தபின் எடுத்த சொத்துக் கணக்கில் பன்னிரண்டு மனிதர்கள் மாடு, குதிரையோடு பட்டியலிடப்பட்டிருக்கிறார்கள். இதைத் தியாகம் என்று எழுத என் கை வராது.

#14 திண்ணைவாசி

நானும் எழுதவில்லை. அவர் எதிர்த்தது பிரிவினையை, அடிமைமுறையை அல்ல. லிங்கன் படை அனுப்பி உங்களைப் பதவியில் நிறுத்துகிறேன் என்று சொல்லியனுப்பினார். ஹூஸ்டன் நெருங்கிய நண்பர்களைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுக் கடிதத்தை நெருப்பில் போட்டார். தன் நாற்காலிக்காக டெக்சாஸ்காரர்கள் ஒருவரையொருவர் சுட வேண்டாம் என்றார். நான் பின்வாங்கல் என்று சொன்னது இதைத்தான். பிறகு அவருடைய மூத்த மகனே தெற்குப் படையில் சேர்ந்து, 1862 ஏப்ரலில் ஷைலோ போரில் காயப்பட்டுச் சிறைப்பட்டான்.

சொத்துக் கணக்குக்கு எதிராக ஜெப் ஹாமில்டனின் வாக்குமூலம் ஒன்று உண்டு. சிறுவனாக ஏலத்தில் நின்றபோது ஹூஸ்டன் வாங்கியவர், 1941வரை வாழ்ந்தவர். 1862இலேயே எங்களை எல்லாம் கூப்பிட்டு விடுதலை என்று சொல்லிவிட்டார் என்கிறார். அன்றைய டெக்சாஸ் சட்டம் அதைத் தடை செய்திருந்தது. வாய்ச்சொல்லால் விடுவித்திருக்கலாம், காகிதத்தில் இல்லை. பழுப்புத்தாள் ஐயாதான் சொல்ல வேண்டும், நீதிமன்றத்தில் எது நிற்கும்?

#15 பழுப்புத்தாள்

காகிதம்தான் நிற்கும். வேறென்ன சொல்வேன்.

#16 ஓலைப்பெட்டி

ஜோஷுவாவை விட்டுவிட்டீர்கள். ஹூஸ்டனின் பிற்கால மனைவி மார்கரெட் லீ 1840இல் அலபாமாவிலிருந்து வந்தபோது கூட வந்த அடிமை. கொல்லர், எழுதப் படிக்கத் தெரிந்தவர். கணவர் இறந்தபின் மார்கரெட் எட்டுப் பிள்ளைகளோடு காசில்லாமல் தவித்தபோது, ஜோஷுவா தான் சேர்த்துவைத்த பணத்தைத் தோல்பையில் கொண்டுபோய் நீட்டினார் என்பது இரண்டு குடும்பத்திலும் சொல்லிவரும் செய்தி. மார்கரெட் வாங்கவில்லை, உங்கள் பிள்ளைகளைப் படிக்கவையுங்கள் என்றார். விடுதலைக்குப் பிறகு ஜோஷுவா ஹூஸ்டன் ஹன்ட்ஸ்வில்லில் நகரசபை உறுப்பினர், பிறகு மாவட்ட ஆணையர். மகன் சாமுவேல் வாக்கர் ஹூஸ்டன் கறுப்பினப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடமே நடத்தினார்.

#17 நீர்த்தடம்

ஹன்ட்ஸ்வில் இங்கிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம். ஞாயிறன்று போய்வந்தேன். நெடுஞ்சாலை ஓரத்தில் 67 அடி வெள்ளைச் சிலை நிற்கிறது, கைத்தடி பிடித்தபடி. அதைப் பார்க்க வண்டிகள் நிறைய. ஓக்வுட் கல்லறைத்தோட்டத்தில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

ஹூஸ்டனின் கல்லறைக் கல்லில், அவர் புகழை உலகம் பார்த்துக்கொள்ளும் என்ற ஜாக்சனின் வாசகம் வெட்டியிருக்கிறது. பக்கத்தில் மார்கரெட் இருப்பார் என்று நினைத்துத் தேடினேன், இல்லை. 1867இல் மஞ்சள் காய்ச்சலில் போனவர் அவர். தொற்றுக்குப் பயந்து இவ்வளவு தூரம் கொண்டுவராமல் இண்டிபெண்டன்ஸ் ஊரிலேயே அடக்கம் செய்துவிட்டார்களாம்.

ஜோஷுவா அதே தோட்டத்தில்தான் இருக்கிறார்.